பாட்டு உள்ள காப்பி, பாட்டு இல்லாத காப்பி

கல்யாண வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனால் இப்போது ஸ்டுடியோக்காரர் கேட்காமலே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். "சார், ரெண்டு காப்பி தருவோம். பென் டிரைவ்ல இருக்கிறது சினிமா பாட்டோட இருக்கும். யூடியூப்ல ஏத்துறதுக்கு வேற மியூசிக் போட்டுத் தருவோம். மாத்தி ஏத்திடாதீங்க, க்ளைம் வந்துடும்." ட்ரோனுக்கு எவ்வளவு, கேண்டிட் எடுக்கிற ஆளுக்கு எவ்வளவு, ஆல்பத்துக்கு எத்தனை தாள் என்ற பேரத்துக்கு நடுவே இதுவும் ஒரு சாதாரணத் தகவலாக வந்து போகிறது. பெண் வீட்டாரும் சரியென்று தலையாட்டிவிடுகிறார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது. கல்யாண வீடியோ என்றாலே சினிமாப் பாட்டுதான். பாட்டு இல்லாத காப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தொண்ணூறுகளில் வீடியோ கேமரா என்பது தோளில் சுமக்கிற சாமான். முழு அளவு வி.எச்.எஸ். கேசட்டே அதற்குள் போகும். கேமராக்காரருக்குப் பின்னால் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி, வயரை இழுத்துக்கொண்டு ஒரு பையன் வருவான். வெளிச்சம் இலை மேல் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிடும். எடுத்த கேசட் அப்படியே வீட்டுக்கு வராது. மிக்சிங் முடிந்துதான் வரும்.

மிக்சிங் வசதி டவுனில் ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். சுற்றுவட்டார ஸ்டுடியோக்கள் எல்லாம் கேசட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும். இரண்டு வி.சி.ஆர்., ஒரு மிக்சர், ஒரு டேப் ரெக்கார்டர், பக்கத்துச் சுவரில் கூரை வரைக்கும் ஆடியோ கேசட் அடுக்கு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, பெண் மணவறைக்கு வரும்போது ஒரு பாட்டு, முகூர்த்தத்துக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று என்று மிக்சிங் போடுகிறவரின் மனதில் ஒரு வரிசை உண்டு. 1990-ல் 'பணக்காரன்' வந்ததும் அதிலிருந்து ஒன்று சேரும். 1992-ல் 'தேவர் மகன்' வந்ததும் இன்னொன்று சேரும். வயசானவர்கள் 'பாசமலர்' பாட்டு, 'சாரதா' பாட்டு என்று கேட்டுப் போடச் சொல்வார்கள். பெண்ணின் முகம் இதய வடிவத்துக்குள்ளிருந்து விரியும். பின்னால் ஊட்டியோ சுவிட்சர்லாந்தோ ஓடும். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அதற்குத்தான் காசு.

அந்த அறையில் இன்னொரு காரியமும் நடந்தது. பாட்டை ஏற்றும்போது மண்டபத்தில் பதிவான சத்தத்தை எடுத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் இரைச்சலாக இருக்கும், பாட்டு தெளிவாகக் கேட்காது என்பது தொழில் நியாயம். ஐயர் சொன்ன மந்திரம், நலங்கில் நாத்தனார் செய்த கேலி, பந்தியில் யாரையோ அதட்டிய தாத்தா, தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்று நாலு பக்கத்திலிருந்தும் எழுந்த குரல் எல்லாம் போய், மூன்று மணி நேரமும் எஸ்.பி.பி.யும் ஜானகியும் சித்ராவும் பாடிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் அசையும், சொல் கேட்காது. இதை யாரும் குறையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பாட்டு சரியாகப் பொருந்தவில்லை என்ற சண்டைதான் வரும்.

அந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் யாரும் கேட்டதில்லை. ஊருக்கு ஊர் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்த காலம் அது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, கூடவே காலி கேசட் ஒன்றையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். படம் வந்த வாரமே அதன் பாட்டு அங்கே கிடைக்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957-லிருந்தே இருக்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். 1969-ல் வந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கான பி.பி.எல். அதற்கும் முன்பே, 1941-ல் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கான கையாளுகை என்று ஒரு விலக்கு சட்டத்தில் உண்டுதான். காசு வாங்கிக்கொண்டு பாட்டு ஏற்றிய மிக்சிங் கடை அதற்குள் அடங்காது. ஆனால் யார் போய்க் கண்டுபிடிப்பது? அந்தக் கேசட் மாமியார் வீட்டில் ஒரு தடவை, சித்தப்பா வீட்டில் ஒரு தடவை ஓடும். பிறகு பீரோவுக்குள் போய்விடும்.

கடல் கடந்து போன கேசட்டுகளும் உண்டு. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டொராண்டோவுக்குப் போன கல்யாண கேசட் அங்கே போட்டால் ஓடாது. இங்கே டிவி பால் முறை, கனடாவில் என்.டி.எஸ்.சி. முறை. மாற்றித் தருவதற்கென்றே ஒரு கடையைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கடைக்காரரும் காசைத்தான் கேட்டாரே தவிர, பாட்டு யாருடையது என்று கேட்கவில்லை. இன்றைக்கு டொராண்டோவில் இருக்கும் அத்தை ஒரு லிங்க்கைத் தட்டினால் போதும். சில சமயம் 'இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டின் உரிமைக்காரர் நாடு வாரியாகத் தடுத்துக்கொள்ள யூடியூப் இடம் கொடுத்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு ஒரு வருடம் குறிக்க வேண்டுமென்றால் 2007 என்பேன். அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டெஃபனி லென்ஸ் என்ற பெண் தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை எடுத்து யூடியூபில் போட்டார். மொத்தம் 29 வினாடி. பின்னால் எங்கேயோ பிரின்ஸ் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் தெளிவில்லாமல். யுனிவர்சல் கம்பெனி சொல்லி அது நீக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். எடுக்கச் சொல்லும் முன் இது நியாயமான பயன்பாடுதானா என்று உரிமைக்காரர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும் என 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2018-ல் இரு தரப்பும் சமரசமானார்கள். அதற்குள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புகளைத் தாண்டியிருக்கும்.

அந்த வழக்கில் யோசிக்க வேண்டியவர் ஒரு மனிதர். அதே 2007-ல் யூடியூப் கொண்டுவந்த 'கன்டென்ட் ஐடி'யில் மனிதர் கிடையாது. இசைக் கம்பெனிகள் தங்கள் பாட்டுகளைக் கொடுத்து வைக்கும். ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் மூன்றில் ஒன்று நடக்கும்: வீடியோவைத் தடுப்பது, அதில் விளம்பரம் ஓட்டி அந்தக் காசை எடுத்துக்கொள்வது, சும்மா கணக்கு மட்டும் பார்ப்பது. எதைச் செய்வதென்று கம்பெனி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஏற்றினால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் நடக்காது. யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் வீடியோவையும் அது கேட்டுவிடுகிறது.

நம் ஊரில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது 2020-க்குப் பிறகுதான். கொரோனா ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றது அரசு. வர முடியாத சொந்தங்களுக்காக நேரலை வந்தது. ஊரடங்கு போன பிறகும் பத்திரிகையின் மூலையில் க்யூஆர் கோடு தங்கிவிட்டது. மண்டபத்து ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு கேமரா மைக்கில் விழுகிறது, இயந்திரம் அதைப் பிடிக்கிறது, முகூர்த்த நேரத்தில் திரையில் படம் போய் எச்சரிக்கை வருகிறது. அமெரிக்காவில் விழித்திருந்து பார்க்கிற தம்பி வாட்ஸ்அப்பில் 'என்னாச்சு, என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே தாலி ஏறிவிடுகிறது.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் இணைய விழாவில் மெட்டாலிகா குழுவே வாசித்தது. அதை ஒளிபரப்பிய ட்விட்ச் தளத்தின் சொந்தச் சேனலில் அவர்கள் வாசிப்பை அமுக்கிவிட்டு வேறு ஏதோ மெல்லிசையை ஓடவிட்டார்கள். கிடார் பறக்கிறது, கேட்பது என்னவோ தாலாட்டு.

சட்டம் கல்யாணத்தை மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 52-வது பிரிவில் 'இசட்ஏ' என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது, 1994 திருத்தத்தில் வந்தது. மதச் சடங்குகளில் பாட்டைப் பாடினாலும் ஒலிபரப்பினாலும் உரிமை மீறல் ஆகாது. மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் சேரும் என்று அதிலேயே விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் வந்து காசு கேட்கிறார்கள் என்ற புகார்கள் வர, 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை இந்தப் பிரிவை நினைவூட்டி ஓர் அறிவிப்பும் வெளியிட்டது. 2024 ஜனவரியில் கோவா அரசு அதையொட்டி ஒரு சுற்றறிக்கை விட்டது. சட்டத்தில் இருப்பதைத் தாண்டிப் போகிறது என்று அதே வருடம் ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதை ரத்து செய்தது. உட்பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அந்த உட்பிரிவு காப்பாற்றுவது மண்டபத்தைத்தான். சடங்கின்போது பாட்டு ஒலிப்பதைப் பற்றித்தான் அது பேசுகிறது. அந்தப் பாட்டு கேமராவில் விழுந்து, எடிட் ஆகி, பத்து வருடம் இணையத்தில் கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளி ஆண்டுவிழாவின் கதையும் இதேதான். ஆசிரியர்கள், பிள்ளைகள், பெற்றோர்கள் முன்னால் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த ஆட்டத்தை அப்பா யூடியூபில் போட்டால் அந்த இடம் அவருக்கு இல்லை.

எனக்கு விநோதமாகப் படுவது அதே 52-வது பிரிவின் 'யு' உட்பிரிவு. படம் எடுக்கும்போது பின்னணியில் தற்செயலாக ஓர் ஓவியமோ சிற்பமோ விழுந்தால் அது குற்றமில்லை என்கிறது அது. மணவறைக்குப் பின்னால் எந்த ஓவியர் வரைந்த படத்தை மாட்டியிருந்தாலும் கேமரா தாராளமாக எடுக்கலாம். அதே மணவறைக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிற பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணில் விழுந்தால் சரி, காதில் விழுந்தால் தப்பு. பிரிட்டனின் 1988 சட்டத்தில், 31-வது பிரிவில், இசைக்கும் இந்தச் சலுகை உண்டு. வேண்டுமென்றே சேர்த்த இசைக்கு மட்டும் கிடையாது. கேமராமேன் கேட்டா மண்டபத்தில் பாட்டுப் போடுகிறார்கள்? எடிட்டர் தேடி எடுத்து ஒட்டுகிற பாட்டுக்குக் காசு கேட்பது நியாயம். தன்னால் வந்து மைக்கில் விழுந்த பாட்டையும் அதே கணக்கில் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு பாட்டுக்கு எத்தனை பூட்டு என்பதையும் பார்க்க வேண்டும். 1961-ல் வந்த 'பாசமலர்' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு ஒன்று உண்டு. இரண்டு தலைமுறைக்கு அது ஒலிக்காத மண்டபம் இல்லை. ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம், வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். எனவே அந்தப் பதிவின் காலம் இந்தியாவில் 2021-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் வரிகள் கண்ணதாசனுடையவை. அவர் மறைந்தது 1981. ஆயுளுக்குப் பின் 60 வருடம் என்று கணக்கிட்டால் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து போட்டது. விஸ்வநாதன் மறைந்தது 2015. சேர்ந்து செய்ததற்குக் கடைசியாக மறைந்தவரிலிருந்துதான் கணக்கு என்பதால் மெட்டுக்கு 2075 வரை. இந்த 60 வருடமே முதலில் 50 ஆகத்தான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடிகிற சமயம் பார்த்து 1992-ல் பத்து வருடம் கூட்டினார்கள். கல்கத்தாவில் எழுந்த கவலைக்கு நம் ஊர்க் கல்யாணப் பாட்டும் சேர்ந்து பூட்டப்பட்டது.

நாதஸ்வரமாவது தப்பிக்கிறதா? தியாகராஜர் மறைந்தது 1847. அவர் கீர்த்தனைக்கு யாரும் காசு கேட்க முடியாது. ஆனால் பல மண்டபங்களில் காலையில் ஓடுவது மங்கள இசை என்று யாரோ ஒரு கம்பெனி வெளியிட்ட பதிவு. கீர்த்தனை பொதுச்சொத்து, பதிவு கம்பெனிச் சொத்து. நேரில் வாசித்தாலும் நிம்மதி கிடையாது என்பதற்கு வெளியூர் சாட்சி இருக்கிறது. 2018-ல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ கலைஞர் தன் வீட்டில் பாக் இசையை வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். பாக் மறைந்தது 1750-ல். அதில் 47 வினாடி தங்களுடையது என்று சோனி மியூசிக் பெயரில் உரிமை கோரல் வந்தது. பெரிய சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். நம் ஊரில் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் சத்தம் போட்டால் யார் கேட்பார்கள்?

இங்கே காப்பிரைட் என்றதும் எல்லார் வாயிலும் வருகிற பெயர் இளையராஜா. 2017-ல் எஸ்.பி.பி.யின் மேடைக் கச்சேரிகளுக்கு அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் வந்த 'குணா' பாட்டுக்கும் போனது. அன்றிலிருந்து கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் அவர் பாட்டை ஆரம்பித்தாலே 'ராஜா கேஸ் போடப்போறார்' என்று ஒரு மாமா எழுந்து சொல்லாமல் இருப்பதில்லை. வீட்டு வீடியோவில் வருகிற உரிமை கோரல்கள் பெரும்பாலும் பாட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயரில்தான் வருகின்றன என்பதை மாமாவுக்குச் சொல்ல யாருமில்லை. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் சொன்னதே 2012 திருத்தத்தில்தான்.

யூடியூப் 2021 டிசம்பரில் முதல் தடவையாகக் கணக்கு வெளியிட்டது. அந்த வருடத்தின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் கன்டென்ட் ஐடி மூலம் 72 கோடிக்கு மேல் உரிமை கோரல்கள். அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் இயந்திரமே போட்டவை. எதிர்த்து முறையிட்டவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் முறையிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்குச் சாதகமாகத்தான் முடிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் யாரும் முறையிடுவதில்லை. அந்தப் பொத்தானை அழுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். வீடு நிறைய விருந்தாளி, பந்தல்காரனுக்கு பாக்கி, இதில் இது வேறா என்ற அலுப்பு இன்னொரு பக்கம்.

இத்தனை எரிச்சலுக்கும் நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. உரிமை கோரலுக்குப் பயந்து எடிட்டர்கள் பாட்டைக் குறைத்துவிட்டார்கள். குறைத்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டுமே. மண்டபத்துச் சத்தம் திரும்பி வந்தது. நல்ல ஸ்டுடியோக்கள் இப்போது மணவறைப் பக்கம் தனியாக ஒரு மைக் வைத்து, ஸ்பீக்கர் பாட்டு அதிகம் விழாமல் ஒலியைத் தனியாக எடுத்துக்கொள்கின்றன. டீசரில் அம்மா மகளிடம் 'சாப்பிட்டியா?' என்று கேட்பது கேட்கிறது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளைத் தோழர்கள் போடுகிற கூச்சல் கேட்கிறது. கெட்டிமேளம் கெட்டிமேளமாகவே கேட்கிறது. கேண்டிட் வீடியோக்காரர்கள் இதை ஒரு பாணி என்கிறார்கள். பாணி வந்ததில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். வந்த வழி எதுவானாலும், தொண்ணூறுகளின் மிக்சிங் கேசட்டைவிட இது எவ்வளவோ மேல். காசு கொடுக்காமல் பயன்படுத்துகிற ஒரே மாதிரியான புல்லாங்குழல் இசையை மட்டும் கொஞ்சம் மாற்றினால் நன்றாக இருக்கும். பத்து கல்யாண வீடியோ பார்த்தால் எட்டில் அதே புல்லாங்குழல்தான் ஊதுகிறது.

அந்தப் பழைய கேசட்டுகளும் இப்போது வெளியே வருகின்றன. பூஞ்சை பிடித்த வி.எச்.எஸ். கேசட்டைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருவது பல ஊர்களில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் அதை மாற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டுமென்று யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஏற்றி முடிப்பதற்குள் உரிமை கோரல் வரிசை கட்டி நிற்கிறது, ஒரே வீடியோவில் ஏழெட்டுப் பாட்டுக்கு. யூடியூப் வழிகளும் சொல்கிறது. அந்தப் பகுதியை வெட்டலாம், வேறு இசை போடலாம், ஒலியை அணைக்கலாம். 2024-ல் இன்னொன்றும் வந்தது: பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நீக்குகிற வசதி. புதிய வீடியோக்களில் அது ஓரளவு வேலை செய்கிறது. பழைய கேசட்டில் அதற்கு வேலையே இல்லை. பாட்டை நீக்கினால் அடியில் மிஞ்சுவதற்குப் பேச்சு இருந்தால்தானே? அதை மிக்சிங் அறையிலேயே எடுத்துவிட்டார்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் பாட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்பா தாலி கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கடன் விளம்பரம் ஒன்று ஓடுகிறது, அந்தக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகிறது.